பால் பல்லுக்கு ரூட் கெனால் தேவையா? கடலூர், புதுச்சேரிப் பெற்றோர் கொஞ்சம் சொல்லுங்கள்

மீனா_மஞ்சக்குப்பம் | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பையனுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. கீழ்ப்பக்கம் கடைவாய்ப் பல் இரண்டில் சொத்தை. போன வாரம் முழுக்க ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டான், ராத்திரியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். இங்கே ஒரு கிளினிக்கில் காட்டினோம். எக்ஸ்ரே எடுத்துவிட்டு, ஒரு பல்லுக்கு ரூட் கெனால் செய்து கேப் போட வேண்டும், இன்னொன்றை அடைத்தால் போதும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட்டார். மாமியாரோ, "விழப்போற பல்லுக்கு யாராவது காசைக் கொட்டுவாங்களா, பிடுங்கிப் போடச் சொல்லு" என்கிறார்.

விழப்போகும் பல்தானே என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் பிடுங்கினால் பின்னால் ஏதாவது வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓ.டி._கணேசன் | திங்கள், இரவு 10.05

மீனா அம்மா, உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. எங்கள் காலத்தில் பால் பல் ஆடினால் நூலைக் கட்டி இழுப்போம், கூரை மேல் எறிவோம், அவ்வளவுதான். உமிக்கரி, வேப்பங்குச்சி. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? எனக்கு வயது அறுபத்தெட்டு, இன்றைக்கும் கரும்பைப் பல்லால் உரிப்பேன். பேஸ்ட் கம்பெனிக்காரன் ஊருக்குள் வந்த பிறகுதான் இந்தச் சொத்தை எல்லாம்.

பாகூர்_செல்வி | திங்கள், இரவு 10.31

மீனா, அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். என் அக்கா மகளுக்கு இதே வயதில், இதே கீழ்க் கடைவாயில்தான் பிடுங்கினார்கள். இடம் விட்டு வைக்கக் கம்பி ஏதாவது போட வேண்டும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. இப்போது அவள் எட்டாம் வகுப்பு. புதுப் பல் வர இடமில்லாமல் உள்பக்கமாக முளைத்து, கிளிப் போட்டுக்கொண்டு மாதாமாதம் புதுச்சேரிக்கு அலைகிறார்கள். அன்றைக்கு மிச்சம் பிடித்த பணத்தைப் போல எத்தனையோ மடங்கு போய்விட்டது.

நம் குழுவில் வில்லியனூர் டாக்டர் மேடம் இருக்கிறார்களே, அவர்களைக் கூப்பிடுகிறேன்.

வில்லியனூர்_பல்டாக்டர் | செவ்வாய், காலை 7.15

செல்வி கூப்பிட்டதைக் காலையில்தான் பார்த்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பால் பற்கள் மொத்தம் இருபது. எல்லாமே ஏழு வயதுக்குள் விழுந்துவிடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். ஆறு, ஏழு வயதில் விழுவது முன்பற்கள் மட்டும்தான். கடைவாய்ப் பால் பற்கள் பத்திலிருந்து பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்தாக வேண்டியவை. மீனாவின் பையன் இன்னும் நான்கைந்து வருடம் அந்தப் பல்லால்தான் மெல்லப் போகிறான்.

அடுத்தது இடம். ஆறு வயதில், கடைசிப் பால் பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு பெரிய நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். முன்னால் இருக்கிற பால் பல்லின் முதுகில் சாய்ந்துதான் அது தன் இடத்துக்கு வருகிறது. அந்தப் பால் பல்லை முன்கூட்டியே பிடுங்கிவிட்டால் பெரிய பல் முன்னால் நகர்ந்துவிடும். பின்னாளில் அடியிலிருந்து வர வேண்டிய பல்லுக்கு வழி அடைபடும். செல்வியின் அக்கா மகளுக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பிடுங்கியே ஆக வேண்டிய நிலையும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அப்போது இடத்தைக் காக்க ஒரு சின்னக் கம்பி வளையம் போடுவோம்.

வலியோடு விட்டுவைப்பதும் சரியில்லை. பால் பல்லின் எனாமல், அதாவது வெளி ஓடு, மெல்லியது, உள்ளே நரம்பு இருக்கும் அறை பெரியது. அதனால் சொத்தை சீக்கிரம் நரம்பைத் தொட்டுவிடும். வேரில் சீழ் கட்டினால் அதற்குக் கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலே கெடலாம். ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி என்றால் பெரும்பாலும் நரம்பு வரை போயிருக்கிறது என்று அர்த்தம்.

பெரியவர்களுக்குச் செய்கிற ரூட் கெனாலும் இதுவும் ஒன்றல்ல. பால் பல்லில் அடைக்கும் மருந்து, வேர் கரையும்போது அதுவும் சேர்ந்து கரைகிற மாதிரியானது. கேப் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஆகவே "விழப்போற பல்லை நிரந்தரமாக நட்டுவைத்துவிடுவார்கள்" என்று பயப்பட வேண்டாம்.

எக்ஸ்ரேயைப் பார்க்காமல் உங்கள் பையனுக்கு இதுதான் சிகிச்சை என்று நான் சொல்ல முடியாது. ஆனால் கிளினிக்கில் சொன்னது வழக்கத்துக்கு மாறான யோசனை இல்லை.

லாஸ்பேட்டை_ரவி | செவ்வாய், காலை 8.02

மேடம் தப்பாக நினைக்கக் கூடாது. எந்த டாக்டரிடம் போனாலும் ரூட் கெனால், கேப் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நம்பிக்கை எப்படி வரும்?

பாகூர்_செல்வி | செவ்வாய், காலை 8.20

ரவி தம்பி, சந்தேகம் இருந்தால் அரசு கல்லூரியில் காட்டி இன்னொரு கருத்து கேட்டுக்கொள்ள வேண்டியதுதானே. புதுச்சேரி கோரிமேடு இந்திரா நகரில் மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அரசுடையது. குழந்தைகள் பல்லுக்கு என்றே தனித் துறை உண்டு. கடலூர்க்காரர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகர் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, சுமார் 45 கிலோமீட்டர். முன்பு பல்கலைக்கழகத்தின் கையில் இருந்தது, இப்போது அதுவும் அரசுக் கல்லூரி. எங்கே போனாலும் காலையிலேயே போய்விடுங்கள். எக்ஸ்ரேயை மறக்காமல் கையில் எடுத்துப் போனால் திரும்ப எடுக்கத் தேவையிருக்காது.

மீனா_மஞ்சக்குப்பம் | செவ்வாய், காலை 8.45

ரொம்ப நன்றி டாக்டர். நன்றி செல்வி அக்கா. சனிக்கிழமை கோரிமேடு போய்ப் பார்க்கிறோம். மாமியாருக்கும் டாக்டர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். "அப்போ தினம் காலையில பல்லு வெளக்குறானே, எப்படி சொத்தை வந்துச்சாம்?" என்று கேட்கிறார். எனக்கும் அதே கேள்விதான். இனிப்பும் அதிகம் கொடுப்பதில்லை.

வில்லியனூர்_பல்டாக்டர் | செவ்வாய், மதியம் 1.50

உங்கள் மாமியார் சரியான இடத்தில் கேட்கிறார். "காலையில்" என்கிறாரே, ராத்திரி?

தூங்கும்போது எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். பகல் முழுக்கப் பல்லைக் கழுவிக் காப்பாற்றுவது எச்சில்தான். ராத்திரி பாலோ பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்தால், பல்லில் ஒட்டியிருப்பதைக் கிருமிகள் விடிய விடியத் தின்று அமிலமாக்கும். அதைக் கழுவ ஆள் இருக்காது. காலையில் வெறும் வயிற்றில் துலக்குவது நம் ஊரில் எல்லோரும் செய்கிறோம். துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகாமல் தூங்கப் போவதுதான் நிறைய வீடுகளில் நடப்பதில்லை. ஒரு வேளைதான் முடியும் என்று பிடிவாதமாகச் சொல்கிறவர்களிடம், அந்த ஒன்றை ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இரண்டாவது, யார் துலக்கிவிடுகிறார்கள்? ஏழு, எட்டு வயது வரை பிள்ளையால் கடைவாயின் உள்பக்கம் வரை பிரஷை ஒழுங்காகக் கொண்டுபோக முடியாது. அவன் தேய்த்து முடித்த பிறகு நீங்கள் பின்னால் நின்று, தலையை உங்கள் வயிற்றில் சாய்த்துக்கொண்டு, ஒருமுறை தேய்த்துவிடுங்கள். முன்னால் நின்று செய்தால் பாதிப் பல் உங்கள் கண்ணுக்கே தெரியாது.

இனிப்பு அதிகம் இல்லை என்கிறீர்கள். எவ்வளவு என்பதை விட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு தடவை சர்க்கரையோ மாவுப் பண்டமோ வாய்க்குள் போகும்போதும் சில நிமிடங்களில் பல்லின் மேல் அமிலம் ஏறும். பி.எச். (அமிலம் ஏற ஏற இறங்குகிற எண்) 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலில் இருந்து சுண்ணாம்புச் சத்து கரையும். எச்சில் அதை மறுபடி சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஒரு லட்டை ஒரே மூச்சில் சாப்பிட்டால் ஒரு தடவை. ஒரு பாக்கெட் பிஸ்கட்டைச் சாயங்காலம் முழுக்க டிவி முன்னால் கொறித்தால் பல்லுக்கு மூச்சுவிட நேரமே இல்லை. அந்த பிஸ்கட் இனிப்பாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

மீனா_மஞ்சக்குப்பம் | செவ்வாய், மதியம் 2.10

பிஸ்கட்டும் ராத்திரி ஹார்லிக்ஸும். புரிந்துவிட்டது டாக்டர் 🙂

நெல்லிக்குப்பம்_தாஸ் | செவ்வாய், இரவு 11.20

சர்க்கரை ஆலையும் மிட்டாய் ஃபேக்டரியும் இருக்கிற ஊர்க்காரன் நான், இந்த இழைக்கு வரவே கூச்சமாக இருக்கிறது. மேடம், நான் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் என்றால் டீ கணக்கே இருக்காது, எல்லாம் சர்க்கரை போட்டதுதான். அப்போ டீயும் இதில் சேருமா?

இன்னொன்று. எனக்குப் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன். போன வருடம் சுகர் இருப்பதும் தெரிந்தது, மாத்திரை போடுகிறேன். கிளீனிங் செய்தால் சரியாகும் என்றார்கள். ஆனால் ஷிப்ட்டில் கூட வேலை செய்கிற அண்ணன், கிளீனிங் பண்ணினால் பல் ஆட ஆரம்பிக்கும், அவருக்கு அப்படித்தான் ஆனது என்கிறார்.

வில்லியனூர்_பல்டாக்டர் | புதன், காலை 6.50

தாஸ் சார், டீயும் சேரும். சர்க்கரை இல்லாத டீ என்றால் பிரச்சினை இல்லை. உங்களுக்கு சுகரும் இருக்கிறது, ஆக இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்.

மிட்டாய் ஊர் என்று சொன்னதால் ஞாபகம் வந்தது. 1940களின் பிற்பாதியில் சுவீடனில் விப்பெஹோல்ம் என்ற மனவளர்ச்சி குன்றியோர் காப்பகத்தில், அங்கிருந்தவர்களுக்கு வெவ்வேறு விதமாகச் சர்க்கரை கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தவர்களுக்குச் சொத்தை அவ்வளவாக ஏறவில்லை. சாப்பாட்டுக்கு நடுநடுவே ஒட்டும் டாஃபி கொடுத்தவர்களுக்குத்தான் மளமளவென்று ஏறியது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இன்றைக்கு எந்த நாட்டிலும் அப்படி ஓர் ஆராய்ச்சிக்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. ஆனால் "எத்தனை தடவை" என்று நாங்கள் கத்துவதற்கு அடிப்படை அதுதான். அதன் பிறகு சுவீடனில் பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும் என்று ஒரு வழக்கமே வந்தது.

ஈறு விஷயம். ரத்தம் வருகிற இடத்தைத்தான் நன்றாகத் துலக்க வேண்டும். துலக்காமல் விட்டால் அங்கே படிந்த மாவு போன்ற அழுக்கு, எச்சிலில் இருக்கும் தாதுக்களோடு சேர்ந்து சில நாளில் கெட்டியாகிக் காரையாகிவிடும். காரையைப் பிரஷால் எடுக்க முடியாது, ஸ்கேலிங்தான் (நீங்கள் சொன்ன கிளீனிங்) வழி. மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து மெதுவாக அசைத்துத் தேய்த்தால், சாதாரண ஈறு வீக்கத்தில் ரத்தம் ஓரிரு வாரத்தில் குறைய ஆரம்பிக்கும். சுகர் ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சுகரைக் கட்டுக்குள் வரவிடாது. அதனால் உங்களுக்கு ஸ்கேலிங்கைத் தள்ளிப்போடவே கூடாது.

உங்கள் ஷிப்ட் அண்ணன் பொய் சொல்லவில்லை. அவருக்குப் பல்லைச் சுற்றியிருந்த எலும்பு முன்பே கரைந்திருக்கும். உளுத்த கம்பத்துக்கு முட்டுக்கொடுத்த மாதிரி, காரைதான் பல்லை ஆடாமல் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிந்திருக்கும். எடுக்காமலே விட்டிருந்தால் பல் தானாகவே கையோடு வந்திருக்கும். ஸ்கேலிங் முடிந்து சில நாள் குளிர்ந்த தண்ணீர் கூசும், பல்லிடுக்கில் இடைவெளி தெரியும். இரண்டுக்கும் பயப்பட வேண்டாம்.

பாகூர்_செல்வி | புதன், காலை 9.15

சனிக்கிழமை மிட்டாய் நல்ல யோசனையாக இருக்கிறதே. எங்கள் வீட்டில் ஞாயிறு என்று வைத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை அவர்கள் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள், அங்கே நம் சட்டம் செல்லாது.

லாஸ்பேட்டை_ரவி | புதன், காலை 10.40

மேடம், பேஸ்ட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே. ஃபுளோரைடு விஷம் என்று வாட்ஸ்அப்பில் தினம் ஒன்று வருகிறது. தர்மபுரிப் பக்கம் ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல் பழுப்பாகி, எலும்பே வளைந்துபோனவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதையே பேஸ்ட்டில் போட்டுக் குழந்தை வாயில் வைக்கச் சொல்கிறீர்கள். நாங்கள் மூலிகைப் பேஸ்ட்டுக்கு மாறிவிட்டோம். அப்புறம், டியூபின் அடியில் பச்சைக் கட்டம் இருந்தால் இயற்கை, கருப்புக் கட்டம் இருந்தால் ரசாயனம் என்கிறார்களே?

வில்லியனூர்_பல்டாக்டர் | புதன், இரவு 9.05

கட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். டியூபை எந்த இடத்தில் வெட்டி ஒட்ட வேண்டும் என்று மெஷினுக்குக் காட்டுகிற அடையாளம் அது. உள்ளே இருக்கும் பொருளுக்கும் அந்த நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை.

தர்மபுரி பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே முக்கியமாக அதற்காக வந்ததுதான். ஆனால் அங்கே நடந்தது, அளவுக்கு மீறிய ஃபுளோரைடு கலந்த தண்ணீரைப் பிறந்ததிலிருந்து தினம் லிட்டர் கணக்கில் விழுங்கியதால். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தரக்கட்டுப்பாடு. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை.

இப்போது பேஸ்ட். இந்தியாவில் பேஸ்ட்டில் 1000 பி.பி.எம்.முக்கு மேல் ஃபுளோரைடு சேர்க்க அனுமதி இல்லை. அதாவது ஒரு கிராம் பேஸ்ட்டில் 1 மில்லிகிராம். மூன்று வயதுக்குக் கீழே ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு என்றுதான் சொல்கிறோம். பட்டாணி அளவு என்றால் கால் கிராம். பிள்ளை அதை அப்படியே விழுங்கினாலும் கால் மில்லிகிராம்தான். விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலை அலையாகப் பிதுக்குகிறார்களே, அதைத்தான் பார்த்துப் பழகக் கூடாது. டியூபைப் பிள்ளை கையில் விளையாடக் கொடுக்கவும் கூடாது, மிட்டாய் வாசனைக்கு நிறையத் தின்றுவிட்டால் வயிறு கெடும். மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை.

ஃபுளோரைடு என்ன செய்கிறது? அமிலம் எனாமலைக் கரைக்கும்போது, கரைந்த சத்து திரும்பப் பல்லில் படிய உதவுகிறது. அப்படிப் படிந்த எனாமல் அமிலத்தை முன்னைவிட நன்றாகத் தாங்கும். அதனால்தான் தேய்த்து முடித்ததும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு நாலைந்து முறை கொப்பளிக்க வேண்டாம் என்கிறோம். இதை மட்டும் நம் ஆட்கள் யாரும் கேட்பதில்லை!

மூலிகை என்றாலே வேண்டாம் என்று சொல்லவில்லை. டியூபைத் திருப்பிப் பாருங்கள். ஃபுளோரைடு சேர்த்திருந்தால் அளவு பி.பி.எம். கணக்கில் அச்சடித்திருக்கும். எதுவும் போடவில்லை என்றால் அது வாயைச் சுத்தம் செய்யும், சொத்தையைத் தடுப்பதில் பாதி வேலைதான் செய்யும். குழந்தைகள் பேஸ்ட் என்று விற்பவற்றிலும் சிலவற்றில் 500 அளவுக்குத்தான் இருக்கிறது. சொத்தை வந்த பிள்ளைக்கு 1000 உள்ளதைக் கொஞ்சமாகப் போடுவதுதான் பலன் தரும்.

லாஸ்பேட்டை_ரவி | புதன், இரவு 9.30

எங்கள் டியூபில் எதுவும் போடவில்லை. சரி, என் பெண்ணுக்கு மட்டும் மாற்றிப் பார்க்கிறேன். நான் மூலிகைதான்.

ஓ.டி._கணேசன் | புதன், இரவு 9.55

டாக்டரம்மா, இவ்வளவு எழுதினீர்கள், என் உமிக்கரிக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. பேஸ்ட் இல்லாமல் என் பல் எப்படி இருக்கிறது?

வில்லியனூர்_பல்டாக்டர் | வியாழன், காலை 7.00

ஐயா, உங்கள் பல் நன்றாக இருப்பதில் எனக்கும் சந்தோஷம். சின்ன வயதில் உங்கள் வீட்டில் பிஸ்கட் பாக்கெட்டும் கூல்டிரிங்க்ஸும் எந்நேரமும் இருந்திருக்காது. மூன்று வேளைச் சாப்பாடு, திருவிழாவுக்குப் பலகாரம். பல்லைக் காப்பாற்றியது அதுதான் என்பது என் எண்ணம், உமிக்கரி இல்லை. உமிக்கரியும் செங்கல் பொடியும் சொரசொரப்பானவை. வருடக்கணக்கில் தேய்த்தால் எனாமல் தேய்ந்து, ஈறோரத்தில் பள்ளம் விழுந்து கூச ஆரம்பிக்கும். குளிர்ந்த மோர் குடித்தால் உங்களுக்குக் கூசுகிறதா? வேப்பங்குச்சியை நன்றாக மென்று தூரிகை மாதிரி ஆக்கிக்கொண்டு மெதுவாகத் தேய்த்தால் அழுக்கு போகும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஃபுளோரைடு மட்டும் கிடைக்காது.

ஓ.டி._கணேசன் | வியாழன், காலை 7.40

மோர் கூசும். அது வயசு என்று விட்டுவிட்டேன்.

முத்தியால்பேட்டை_முருகன் | வியாழன், மதியம் 12.15

பல்பொடி பேச்சு வந்ததால் கேட்கிறேன். எங்கள் அத்தை பல்லில் தேய்ப்பது புகையிலைத் தூள். பல்பொடி என்றுதான் சொல்லிக்கொள்வார். கூடவே வெற்றிலை பாக்கு. இப்போது காரமே சாப்பிட முடியவில்லை என்கிறார், கன்னத்தின் உள்ளே வெள்ளையாக இருக்கிறது. சூட்டுக் கொப்புளம் என்று மணத்தக்காளிக் கீரை வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வில்லியனூர்_பல்டாக்டர் | வியாழன், மதியம் 12.40

முருகன், மணத்தக்காளி கொடுங்கள், ஆனால் அத்தையை இந்த வாரமே அழைத்துப்போய்க் காட்டுங்கள். ஜிப்மரோ கோரிமேடு பல் கல்லூரியோ, எது வசதியோ அது. தள்ளிப்போட வேண்டாம்.

வாயைத் திறந்து அவருடைய மூன்று விரலைச் செங்குத்தாக உள்ளே வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், பாக்கு போட்டுப் போட்டு கன்னத்தின் உட்சதை நார் மாதிரி இறுகிப்போயிருக்கலாம். காரம் எரிவதும் அதன் அறிகுறிதான். புகையிலை இல்லாத வெறும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே சொல்லிவிட்டது. பல்பொடியிலும் பேஸ்ட்டிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992லேயே தடை செய்தது. ஆனால் தூளைத் தனியாக வாங்கித் தேய்ப்பதை எந்தச் சட்டம் நிறுத்தும்?

எல்லோருக்குமாக ஒன்று: இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வலியே இல்லை என்றாலும் காட்டிவிட வேண்டும். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

முத்தியால்பேட்டை_முருகன் | வியாழன், மதியம் 12.52

இரண்டு விரல்தான் போகிறது. நாளைக்கே கூட்டிப்போகிறேன் மேடம்.

சில்வர்பீச்_சதீஷ் | வெள்ளி, மாலை 5.30

நடுவில் புகுந்துவிட்டேன், மன்னிக்கவும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் பசங்களுக்குக் கிரிக்கெட் கோச்சிங் கொடுக்கிறேன். பந்து பட்டு முன்பல் முழுசாக விழுந்துவிட்டால் திரும்ப ஒட்ட வைக்கலாம் என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

வில்லியனூர்_பல்டாக்டர் | வெள்ளி, மாலை 6.10

உண்மை, நிரந்தரப் பல்லுக்கு மட்டும். வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுங்கள். மணல் ஒட்டியிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ ஒரு தடவை அலசினால் போதும், தேய்க்கக் கூடாது. பையன் பெரியவன் என்றால் அதே குழியில் திருப்பிச் செருகி, கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லிக் கூட்டிவாருங்கள். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்து வாருங்கள், பீச்சில் டீக்கடை இருக்குமே. அரை மணி நேரத்துக்குள் டாக்டர் கையில் கிடைத்தால் வாய்ப்பு நல்லது, ஒரு மணி நேரம் தாண்டினால் குறைந்துகொண்டே போகும். விழுந்தது பால் பல் என்றால் திருப்பி வைக்கவே கூடாது, அடியில் இருக்கும் பல் கெடும்.

பாகூர்_செல்வி | வெள்ளி, இரவு 8.45

இதைத் தனியாக எடுத்து எங்கள் பள்ளிக்கூடக் குழுவில் போட்டுவிட்டேன்.

டாக்டர், எங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒன்றரை வயது. முன்பல் மேல்வரிசை முழுக்கப் பழுப்பாகக் கரைந்துவருகிறது, கீழ்வரிசை நன்றாக இருக்கிறது. பால் புட்டியை வாயில் வைத்தபடியேதான் தூங்கும். அதனாலா?

வில்லியனூர்_பல்டாக்டர் | வெள்ளி, இரவு 9.20

அப்படியே அதுதான். புட்டியில் குடிக்கும்போது கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்ளும், பால் தேங்குவது மேல்வரிசையில். தூங்கும்போது புட்டியை எடுத்துவிட வேண்டும், வேண்டுமானால் வெறும் தண்ணீர். பாலில் சர்க்கரை போடுவதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். முதல் பல் முளைத்த அன்றிலிருந்தே துலக்க ஆரம்பிக்கலாம், முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டலாம். நம் ஊரில் முதல்முறை வருவதே கன்னம் வீங்கிய பிறகுதான்.

மீனா_மஞ்சக்குப்பம் | ஞாயிறு, காலை 11.00

நேற்று கோரிமேடு போய்வந்தோம். அங்கேயும் அதே பதில்தான்: ஒரு பல்லுக்கு நரம்பு சிகிச்சை, ஸ்டீல் கேப். இன்னொன்றை அடைத்துவிட்டார்கள். அது மட்டுமில்லை, டாக்டர் சொன்ன அந்த ஆறு வயதுப் பெரிய பல் கீழே இரண்டு பக்கமும் பாதி முளைத்திருக்கிறது. அதை இத்தனை நாள் பால் பல் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். முழுசாக முளைத்ததும் அதன் மேல் இருக்கும் பள்ளங்களில் சீலன்ட் பூசிவிடலாம், சொத்தை பிடிக்காது என்று இரண்டு மாதம் கழித்து வரச் சொன்னார்கள்.

கேப் அடுத்த சனிக்கிழமை. வெள்ளிப் பல் வரப்போகிறது என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறான். மாமியார் ராத்திரி ஹார்லிக்ஸை ஏழு மணிக்கு மாற்றிவிட்டார், ஆனால் அதற்குக் காரணம் டாக்டர் இல்லை, தான்தானாம். கேப் போட்ட பிறகு என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

வில்லியனூர்_பல்டாக்டர் | ஞாயிறு, மதியம் 3.25

நல்லது மீனா. கேப் போட்ட அன்று இரண்டு, மூன்று மணி நேரம் போல மரத்திருக்கும், உதட்டைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதுதான் அதிகம் நடக்கும். கடிக்கும்போது உயரமாக இருக்கிற மாதிரி சில நாள் சொல்வான், பழகிவிடும். ஜவ்வு மிட்டாய், சூயிங்கம் வேண்டாம், கேப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அப்படி வந்தால் தூக்கிப் போடாமல் கையோடு எடுத்துப்போங்கள், அதையே திருப்பி ஒட்டலாம். கேப் இருக்கிறதே என்று அந்த இடத்தைத் துலக்காமல் விடக் கூடாது, ஈறோரம் அழுக்கு சேரும். பத்து, பதினொரு வயதில் அந்தப் பல் ஆடும்போது கேப்போடு சேர்ந்தே விழும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இந்த வயதில் எல்லா அம்மாக்களும் பதறுவது: கீழ் முன்பல் விழுவதற்கு முன்பே அதற்குப் பின்னால் புதுப் பல் முளைத்து இரண்டு வரிசையாகத் தெரியும். பழையது ஆடுகிறது என்றால் விட்டுவிடலாம், விழுந்ததும் நாக்கு புதியதை முன்னால் தள்ளிவிடும். இரண்டு, மூன்று மாதமாகியும் ஆடவே இல்லை என்றால் காட்டுங்கள்.

ஓ.டி._கணேசன் | ஞாயிறு, இரவு 8.10

டாக்டரம்மா, என் வீட்டுக்காரி பல் செட்டை ராத்திரியும் கழற்றுவதில்லை. பேஸ்ட் போட்டுத்தான் தேய்க்கிறாள். சரியா? எனக்கும் ஒரு மென்மையான பிரஷ் வாங்கிவிட்டேன், இதைப் பெரிதாக எழுத வேண்டாம்.

வில்லியனூர்_பல்டாக்டர் | ஞாயிறு, இரவு 8.35

ஐயா, ராத்திரி கழற்றியே ஆக வேண்டும், ஈறுக்குக் காற்றாட நேரம் வேண்டும். இல்லாவிட்டால் மேலண்ணம் சிவந்து பூஞ்சை பிடிக்கும். பேஸ்ட் பல் செட்டில் கீறல் போடும், கீறலில் அழுக்கு தங்கும். கை கழுவும் சோப்பு போட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, சாதாரணத் தண்ணீரில் மூழ்க வைக்கச் சொல்லுங்கள். வெந்நீர் வேண்டாம், செட் வளைந்துவிடும். கழுவும்போது அடியில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளட்டும், கை தவறி சிமென்ட் தரையில் விழுந்து உடைந்த செட்டோடு மாதம் ஒருவராவது என்னிடம் வருகிறார்கள்.